“வெளிச்சம் பத்தலையே மேடம்?” கட்டட விளக்கமைப்பு: கேள்வி பதில்

சென்னையில் கடை, அலுவலகம், கல்லூரி என்று பொதுக் கட்டடங்களுக்கு விளக்கமைப்பு செய்வது இருபது வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே ரகம்: வெளிச்சம் பத்தவில்லை, இன்னும் எத்தனை லைட் போடலாம்? என் பதில் பல இடங்களில், இருப்பதில் எதைக் கழற்றலாம் என்றுதான் போகும். கோபப்படாமல் படியுங்கள்.

தி. நகர், பட்டுப்புடவைக் கடை: மேடம், கடை 1,200 சதுர அடி. சீலிங் முழுக்க 2க்கு 2 அடி பேனல் லைட், எல்லாம் 6500 கெல்வின் (வெள்ளையின் நிறத்துக்கான எண் அது; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் தட்டும்). கண்ணே கூசுகிறது. அப்படியும் கஸ்டமர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த்தான் கலர் பார்க்கிறார்கள். அரக்கு வீட்டுக்குப் போனதும் வேறு மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

வாசலுக்குப் போகிறவர்கள் செய்வது சரி. உங்கள் கடையில் குறைவது வெளிச்சம் இல்லை, சிவப்பு.

எல்இடி பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பார்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மார்க் அது. முழு மார்க் 100. ஆனால் எட்டு மங்கலான நிறங்களை வைத்துத்தான் அந்த மார்க்கைப் போடுகிறார்கள். அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்கு ஆர்9 என்று தனியாக ஓர் எண் உண்டு. 80 வாங்கிய விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சர்வ சாதாரணம். அரக்கு, குங்குமச் சிவப்பு, மெரூன் எல்லாம் அதன் கீழ் மண் நிறத்துக்குப் போய்விடும். அதனால் லைட் விற்கிறவரிடம் சிஆர்ஐ 90, ஆர்9 குறைந்தது 50 என்று கேளுங்கள். பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பாமல் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள்.

அடுத்தது ஜரிகை. பேனல் லைட் என்பது மேகமூட்டம் போட்ட வானம் மாதிரி. எல்லாப் பக்கமிருந்தும் மெத்தென்று விழும். அதில் ஜரிகை மின்னாது, வெறும் மஞ்சள் நூலாகக் கிடக்கும். மின்ன வேண்டுமானால் சின்னப் புள்ளியிலிருந்து சாய்வாக ஒளி வர வேண்டும், விற்பனையாள் புடவையை உதறும்போது அந்தப் புள்ளி ஒவ்வோர் இழையிலும் ஓட வேண்டும். பேனலில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியைக் கழற்றுங்கள். கழற்றாமல் விட்டவையும் 4000 கெல்வினுக்கு மாறட்டும். புடவை விரிக்கும் மேடைக்கு மேல் 24 டிகிரி ஸ்பாட் போதும். அது 2 மீட்டர் கீழே ஏறக்குறைய 85 சென்டிமீட்டர் வட்டம் போடும். 36 டிகிரி என்றால் வட்டம் 1.3 மீட்டர், பளபளப்பு கொஞ்சம் குறையும். கண்ணாடி முன்னால் மட்டும் பகல் வெளிச்ச நிறத்தில் ஒரு இடம் செய்துவிட்டால் வாசல் நடை மிச்சம்.

வேட்டி பிரிவு இருக்கிறதா? வெள்ளைத் துணிக்குப் போடும் பளிச்சூட்டி, ஊதா ஓரத்து ஒளி பட்டால்தான் வேலை செய்யும். சாதாரண எல்இடியில் அது கிட்டத்தட்ட இல்லை. வேட்டி பழசு மாதிரி தெரிவது அதனால்தான். ஊதாவிலிருந்து தொடங்கும் எல்இடி சில்லறைக் கடைகளுக்கென்றே வருகிறது. விலை அதிகம், அந்த அலமாரிக்கு மட்டும் போடலாம்.

ஓ.எம்.ஆர்., அலுவலக நிர்வாகம்: ஆயிரம் சதுர அடி ஹால். எத்தனை பேனல் வேண்டும்? போட்டிருப்பதில் சிலருக்குத் தலைவலி வருகிறதாம், நிஜமா, சாக்கா?

நிஜமாக இருக்கலாம். முதலில் கணக்கு. 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். விளக்கு தரும் மொத்த ஒளிக்கு அளவு லூமென், ஒரு சதுர மீட்டரில் வந்து விழும் லூமென்தான் லக்ஸ். மேசை மேல் 500 லக்ஸ் வேண்டுமென்றால் 46,500 லூமென் மேசையில் வந்து விழ வேண்டும். சுவர், சீலிங் விழுங்குவதையும், தூசியும் வயதும் தின்பதையும் கழித்தால் விளக்கிலிருந்து கிளம்பியதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் மேசைக்கு வரும். அப்படியானால் 3,600 லூமென் தரும் 36 வாட் பேனல் 27 வேண்டும். இதையே பொது வெளிச்சம் 300 லக்ஸ், மேசைக்கு ஒரு சின்ன விளக்கு என்று பிரித்தால் 16 பேனலில் முடிந்துவிடும். லேப்டாப் பார்க்கிறவருக்கு 500 லக்ஸ் தலைக்கு மேல் எதற்கு? திரை தானே ஒளிர்கிறது.

தலைவலிக்கு இரண்டு காரணம் தேடுங்கள். ஒன்று, துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) அதை 100 ஹெர்ட்ஸ் துடிப்பாக அப்படியே விளக்குக்குக் கடத்தும். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள், பட்டை பட்டையாக ஓடினால் டிரைவரை மாற்றுங்கள். இரண்டு, கண்கூச்சம். அதை அளக்கும் எண் யுஜிஆர். அலுவலகத்துக்கு 19ஐத் தாண்டக்கூடாது. பேனலை நேர் தலைக்கு மேல் வைக்காமல் மேசை வரிசைகளுக்கு நடுவில் தள்ளுங்கள், கொஞ்சம் ஒளியைச் சுவரில் விடுங்கள். சுவர் இருட்டாக இருந்தால், மேசையில் எத்தனை லக்ஸ் வந்தாலும் ஆட்கள் “டல்லா இருக்கு” என்றுதான் சொல்வார்கள்.

அண்ணா நகர், கட்டடக்கலை மாணவி: அக்கா, வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்தால் வெயில் வராது என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஊரில் வருகிறதே?

குளிர் நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்த பாடம் அது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். அப்போது அது உச்சந்தலையை ஒட்டி இருப்பதால் சின்ன சன்ஷேடே மறைத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்வாகச் சாய்ந்து வருகிறதே, அதுதான் தொல்லை. அதற்குச் சன்னல் பக்கத்தில் நெட்டுக்குத்தாக நீட்டிய தடுப்பு, ஃபின் என்பார்கள், அது வேண்டும். மற்றபடி வடக்கு வெளிச்சம் இங்கேயும் நல்லதுதான், மேற்கோடு ஒப்பிட்டால் சொர்க்கம்.

ஈ.சி.ஆர்., கடலோர உணவகம்: இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெளி லைட் எல்லாம் துருப்பிடித்துப் போகிறது. எந்த கம்பெனி நல்லது? கடல் அலை தெரிகிற மாதிரி ஃபிளட் லைட்டும் போட ஆசை.

கம்பெனி பெயர் கேட்காதீர்கள், திருகாணியைக் கேளுங்கள். நானே ஏமாந்த கதை உண்டு. கடற்கரை ஓரம் ஒரு வேலையில் விளக்கின் உடம்பு முதல் தரம், அதை மாட்டிய திருகு 304 ரக ஸ்டெயின்லெஸ். எட்டு மாதத்தில் பழுப்பு ஒழுகி வெள்ளைச் சுவரெல்லாம் கண்ணீர்க் கோடு. உப்புக் காற்றுக்கு 316 ரகம் வேண்டும், அதில் மாலிப்டினம் கலந்திருக்கும். இன்னொன்று, அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் திருகு நேராக உட்கார்ந்தால், உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும், அலுமினியம் கரையும். நடுவில் நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள். வயர்மேன் சிரிப்பார், பரவாயில்லை.

உள்ளே தண்ணீர் கோக்கிறது என்றால் மழையைத் திட்டாதீர்கள். எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது, அணைத்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, அப்போது கேபிள் வழியாக ஈரக் காற்றை உறிஞ்சுகிறது. தினம் ஒரு மடக்கு. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மூச்சுத்துளை உள்ள ஃபிட்டிங்காக வாங்குங்கள்.

ஃபிளட் லைட் விஷயத்தில் என் பதில்: வேண்டாம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமைகள்) இந்தக் கரையில் முட்டையிட ஏறுகின்றன. குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் இரவில். மணலை விட்டு வெளியே வந்ததும் அவை வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். லட்சக்கணக்கான வருடமாக அந்த வெளிச்சம் கடல். இப்போது உங்கள் உணவகம். 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவிரவாக இந்த மணலில் நடந்து முட்டைகளைப் பொறுக்கிக் காப்பகத்தில் வைப்பதற்கு நம் விளக்குகளும் ஒரு காரணம்.

‘வார்ம் வைட்தானே போடுகிறேன்’ என்பீர்கள். 2700 கெல்வினிலும் நீலம் கலந்துதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உண்மையான ஆம்பர் எல்இடி, முழங்கால் உயரத்துக்குக் கீழே, கடல் பக்கம் மறைப்போடு போடுங்கள். மொட்டை மாடியில் எதுவும் வேண்டாம். அலை பார்க்க நிலா போதும். மேசையில் இருட்டு கொஞ்சம் கூடினால்தான் வெளியே கடல் தெரியவே செய்யும், இது வியாபாரத்துக்கும் நல்லதுதான்.

வேளச்சேரி, வணிக வளாகம்: மரங்களுக்குத் தரையில் புதைத்து மேல்நோக்கி அடிக்கும் அப்லைட் போடலாமா? ஐபி67 என்கிறார்கள்.

ஐபி என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுப்பதற்கான தர எண். ஐபி67 சோதனை ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் அரை மணி நேரம். 2015 டிசம்பரில் உங்கள் பகுதியில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதைக்காதீர்கள். மரத்தடியில் ஒரு சின்னக் கம்பத்தில், தரையிலிருந்து உயர்த்தி, 24 வோல்ட்டில் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் முதல் மாடியில் இருக்கட்டும். மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் தோட்டத்து லைனை ஓட்டவே கூடாது. அழகு அப்புறம்.

எழும்பூர், பள்ளி அறக்கட்டளை: எங்கள் கட்டடம் நூறு வயது தாண்டிய செங்கல் கட்டடம். விழாவுக்காகக் கலர் மாறும் லைட் போட்டு, அதையே நிரந்தரமாக விடலாம் என்று ஒரு கான்ட்ராக்டர் சொல்கிறார்.

செங்கலுக்குக் கலர் ஏறாது. நீல ஒளியைப் பாய்ச்சினால் சிவப்புச் செங்கல் அதை விழுங்கிவிடும், சுவர் கருப்பாகத்தான் தெரியும். 1913இல் திறந்த ரிப்பன் மாளிகை வெள்ளை, மூவர்ணம் போட்டாலும் வாங்கிக்கொள்கிறது. உங்களுடையது உயர் நீதிமன்றத்தின் சாதி. (அங்கே 1894 முதல் 1977 வரை உச்சிக் கோபுரத்தில் நகரின் கலங்கரை விளக்கமே இருந்தது. சென்னையின் மிகப் பெரிய ‘ஃபசாட் லைட்டிங்’, அதாவது முகப்பு விளக்கமைப்பு, அதுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.) செங்கலுக்கு 2700 அல்லது 3000 கெல்வின் போதும், சிவப்பு தானே எழும்.

விளக்கை எங்கே வைப்பது என்பது இன்னும் முக்கியம். சுவரை ஒட்டி ஒரு சாண் தூரத்தில் வைத்து மேலே அடித்தால் ஒவ்வொரு செங்கல் விளிம்பும் நிழலோடு எழும், வளைவுகளுக்கு அழகு. ஆனால் முன்பு யாரோ சிமென்ட் பூசிச் சரிசெய்த இடங்களும் தேமல் மாதிரி எழும். கம்ப்யூட்டர் படத்தில் தேமல் வராது. நான் ஒரு கட்டடத்தில் அந்தப் படத்தை நம்பி மாட்டிவிட்டு, முதல் ராத்திரியே பாதியைக் கழற்றினேன். அதனால் நாலு ஃபிட்டிங் கடன் வாங்கி, ஏழரை மணிக்கு மேல் நேரில் பிடித்துப் பாருங்கள். தேமல் தெரிந்தால் பின்னுக்கு நகர்த்தி, பரவலாக அடியுங்கள்.

டிரில் போடுவதாக இருந்தால் செங்கலில் போடாதீர்கள், இரண்டு செங்கலுக்கு நடுவிலிருக்கும் சுண்ணாம்புச் சாந்தில் போடுங்கள். பிற்பாடு அதைப் பூசி அடைக்கலாம், உடைந்த பழைய செங்கலுக்கு மாற்று கிடைக்காது. எல்லாச் சன்னலுக்கும் விளக்கு வேண்டாம். நுழைவு வளைவு, மாடி வராந்தாவின் உள்சுவர், உச்சியில் ஏதாவது ஒன்று. மீதி இருட்டில் கிடக்கட்டும். வராந்தா உள்ளே ஒளிர்ந்தால் தூண்கள் தாமாக நிழலுருவாக நிற்கும், தூணுக்கென்று ஒரு ரூபாய் செலவில்லை.

போரூர், மருத்துவமனை பேஸ்மென்ட் பார்க்கிங்: சென்சார் வைத்தால் திடீர் திடீரென்று அணைந்து பயமாக இருக்கிறது.

முழுசாக அணைக்காதீர்கள், இருபது சதவீதத்துக்கு இறங்கும்படி வையுங்கள். தூண் மறைக்கும் இடங்களில் இன்னொரு சென்சார். லிஃப்ட் வாசல் எப்போதும் முழு வெளிச்சம்.

கிண்டி, கட்டடப் பராமரிப்பு: 50,000 மணி நேரம் என்று வாங்கிய எல்இடி மூன்றே வருடத்தில் போகிறதே?

அந்த 50,000, எல்இடி சில்லு 70 சதவீத வெளிச்சத்துக்கு இறங்க எடுக்கும் காலம். தினம் பத்து மணி நேரம் என்றால் 13 வருடத்துக்கு மேல். ஆனால் போவது சில்லு அல்ல, டிரைவர். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டருக்குச் சூடு ஆகாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மே மாதம் கையை விட்டுப் பாருங்கள், புரியும். டிரைவரை விளக்கின் முதுகில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி, காற்றுப்படுகிற இடத்தில் போடச் சொல்லுங்கள். மெயின் மின் போர்டில் சர்ஜ் பாதுகாப்பு (மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் தாங்குவதற்கு) இருக்கிறதா, நியூட்ரல் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், நியூட்ரல் கழன்றால் ஒரே நாளில் ஒரு தளமே போய்விடும். வாங்கும்போதே அதே பேட்ச்சில் நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்கி வையுங்கள், பிறகு வாங்கினால் வெள்ளையின் நிறம் பொருந்தாது. மாற்றும் டிரைவரின் மேல் எத்தனை மில்லி ஆம்பியர், எந்தத் தேதி என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள், அடுத்து ஏணி ஏறுகிற வயர்மேனுக்கு அது தெரிய வேண்டும்.