மில் தொழிலாளியான கொள்ளுத்தாத்தா வடசென்னையில் எங்கே குடியிருந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவரின் கொள்ளுத்தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். வீடு புளியந்தோப்பு பக்கம் என்பதற்கு மேல் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன, தெருவும் அடையாளம் தெரியவில்லை என்கிறார்.

இதே மில்லுக்காக, இதே புளியந்தோப்பில் நானும் நாலு வருஷம் அலைந்தேன். கடைசியில் ஒரு இருபது அடி முன்னே பின்னே இருக்கலாம் என்கிற அளவுக்கு இடத்தைப் பிடித்துவிட்டேன். எது பலித்தது, எது வீண் என்று சொல்கிறேன்.

முதலில் பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று கிளம்பாதீர்கள். நான் கிளம்பி ஆறு மாதத்தைத் தொலைத்தேன். அந்தக் காலத்து வடசென்னையில் தொழிலாளி பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. ஒருவருடைய காலி மனைக்கு மாத வாடகை கட்டிக்கொண்டு, அதன் மேல் தன் செலவில் குடிசையோ ஓட்டு வீடோ போட்டுக்கொள்வார். மனை ஒருத்தருக்கு, வீடு இன்னொருத்தருக்கு. மனைக்காரர் திடீரென்று காலி செய்யச் சொன்னால் கட்டின வீடு என்ன ஆவது என்ற சிக்கலுக்காகவே 1921-ல் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே பதிவு அலுவலகத்தில் மனைக்காரர் பெயர் இருக்கும், உங்கள் தாத்தா இருக்க மாட்டார். ஒரே ஒரு விதிவிலக்கு: மனைக்காரரோடு உங்கள் குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் வக்கீல் நோட்டீஸ், வாடகை ரசீது என்று வீட்டில் ஏதாவது கிடக்கும். சண்டை போட்ட குடும்பங்களுக்குக் காகிதம் மிச்சம், சாதுவாக இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை.

தொழிலாளியின் பெயரை எழுதி வைத்தது வேறு ஆட்கள். மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுடுகாடு, தபால்காரர் என்று அவரை எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்ளத் தேவை இருந்தவர்கள். அந்த வழியில்தான் தேட வேண்டும்.

எனக்குக் கதவைத் திறந்தது தபால்தான். அதுவும் சென்னையில் கிடைக்கவில்லை, செய்யாறு பக்கம் எங்கள் சொந்த ஊரில் கிடைத்தது. மில்லில் இருந்தவர்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்புவார்கள். அந்தப் பாரத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கும், கூப்பன் என்பார்கள். பணம் வாங்குபவர் அதைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவர் பெயர், விலாசம், இரண்டு வரி சேதி எல்லாம் அதில் இருக்கும். என் அத்தைப்பாட்டி வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் அப்படிப்பட்ட கூப்பன்கள் ஒரு கட்டு இருந்தன. எல்லாம் 1950-களைச் சேர்ந்தவை. கொள்ளுத்தாத்தாவுக்கு எழுதத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலாசத்தில் கதவு எண் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஒரு மளிகைக் கடையின் பெயரைப் போட்டு "மே/பா" என்று எழுதி, அடியில் "பெரம்பூர் பாரக்ஸ், மெட்ராஸ்-12" என்று இருந்தது.

இந்த 12 சின்ன விஷயம் இல்லை. 1972-ல் பின்கோடு வந்தபோது பழைய தபால் வட்ட எண்ணைத் தூக்கிப் போடவில்லை, கடைசி இலக்கங்களாக ஒட்ட வைத்துக்கொண்டார்கள். மெட்ராஸ்-12 இன்றைக்கு 600012. அப்புறம் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். "பெரம்பூர்" என்று படித்துவிட்டு பெரம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். பெரம்பூர் பாரக்ஸ் அங்கே இல்லை, பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் இருக்கிறது. பாரக்ஸ் என்றால் சிப்பாய்கள் தங்கும் இடம், பட்டாளம் என்ற பெயரைக் கேட்டாலே அது எங்கே என்று புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை.

அடுத்தது மில். "பின்னி மில்" என்பது பேச்சு வழக்கு. பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கியவை. 1920-ல்தான் இரண்டும் ஒரே கம்பெனியாகி பி அண்ட் சி மில் ஆயின. பக்கத்திலேயே சூளை மில் என்று வேறொன்றும் இருந்தது. எந்த மில், அதில் நூற்பா நெசவா, எந்த மேஸ்திரியின் கீழ் என்று கேட்டு வையுங்கள். மேஸ்திரிதான் ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தவர், பல சமயம் தங்க இடம் பார்த்துக் கொடுத்ததும் அவரே. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே சந்தில் சேர்ந்து கிடந்ததற்குக் காரணம் அதுதான். மில் நிர்வாகமும் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்புகளைக் கட்டியது. ஆனால் அது கொஞ்சம் பேருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் சங்கு ஊதினால் நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் எங்காவது ஒண்டிக்கொண்டார்கள். அதனால் வரைபடத்தில் மில் வாசலை நடுவில் வைத்து அரை மணி நடைக்கு ஒரு வட்டம் போடுங்கள். தேட வேண்டிய இடம் அவ்வளவுதான்.

டோக்கன் எண், அதாவது மில்லில் ஆளுக்கு ஆள் கொடுத்த எண், கிடைத்தால் விடாதீர்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முனுசாமி, கன்னியப்பன் என்று தேடினால் நூறு பேர் வருவார்கள். அப்பா பெயரின் முதலெழுத்து, டோக்கன் எண், ஊர் மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் ஒருவர் ஆவார். 1952-க்குப் பிறகும் வேலையில் இருந்திருந்தால் பி.எஃப். காகிதத்தில் வாரிசு பெயரோடு விலாசமும் இருக்க வாய்ப்பு உண்டு.

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. "கலாட்டாவுல குடிசை எரிஞ்சு போச்சு" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? இருந்தால் அது அனேகமாக 1921. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இந்த மில்களைச் சுற்றித்தான் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். மூன்றே வருஷத்தில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, பிளவு சாதிச் சண்டையாக வெடித்தது. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். வீடிழந்தவர்களை அரசாங்கம் வியாசர்பாடியில் முகாம் போட்டுத் தங்க வைத்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் சண்டையில் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்பதைப் பொறுத்து, அதன் பிறகு எந்தத் தெருவுக்குப் போனது என்பது மாறும். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அப்போ கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டாங்க" என்று மழுப்புவார்கள். நேராகக் கேட்டுவிடுங்கள். மழுப்பலை நம்பிக்கொண்டு நான் ஒரு வருஷம் தவறான தெருவில் தேடினேன். இன்னொரு இடைவெளி 1942. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று அந்த ஏப்ரலில் மெட்ராஸே காலியானது. திரும்பி வந்த எல்லோரும் பழைய வீட்டுக்கே வந்துவிடவில்லை.

அரசு அலுவல் தொடர்பான பழைய காகிதங்கள் எழும்பூரில் காந்தி இர்வின் சாலையில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற வரிசையில்தான் தேட முடியும். உங்கள் தாத்தா பெயரைச் சொல்லிக் கேட்டால் சிரிப்பார்கள். அவர் வாழ்ந்த சேரிக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது, இடம் எடுத்தது, கலவரம் நடந்தது போன்றவற்றைத்தான் தேட வேண்டும். பொறுமை இருந்தால் போங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு இதைவிட எளிது. தாத்தாவை விட்டுவிட்டு அவர் பிள்ளைகளின் பிறப்பைத் தேடுங்கள். பழைய பதிவுகளில் குழந்தைக்குப் பெயர் இருக்காது, "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். அப்பா பெயர், தேதி, விலாசம் இருக்கும். ஒரு அலுவலகத்தில் என்னை மூன்று தடவை "பெயர் இல்லாமல் தேட முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை வேறொரு ஊழியர் பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பதிவில்தான் முதன்முதலாகத் தெருவின் பெயரைப் பார்த்தேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் இதே போலத்தான். பிள்ளைகள் படித்த பள்ளி இன்னும் நடக்கிறது என்றால் தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

தெருப் பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெயரில் தெருவே இல்லை. 1970-களின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பெயர்களில் இருந்த சாதி வாலை வெட்டினார்கள். நல்ல காரியம்தான், ஆனால் முதலியார் தெருவும் நாயக்கர் தெருவும் வெறும் ஆள் பெயராகிவிட்டன. கதவு எண்ணோ கேட்கவே வேண்டாம், சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு ஓடுகின்றன. உங்களிடம் இருப்பது இரண்டுக்கும் முந்தியதாக இருக்கலாம். பெரிய ரோடுகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. டிமெல்லோஸ் ரோடு, ஸ்ட்ராஹன்ஸ் ரோடு, குக்ஸ் ரோடு, செங்கல் சூளையிலிருந்து வந்த பிரிக்கிளின் ரோடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. இவற்றோடு பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நாலா என்கிற ஓடை, ரயில் பாதை மூன்றும் இடம் மாறாதவை. "நாலாவைத் தாண்டி", "ரயிலடிக்கு இந்தப் பக்கம்" என்று கிழவிகள் சொல்வதைக் கதவு எண்ணை விட நான் நம்புவேன்.

அந்தக் கிழவிகள் இப்போது அங்கே இல்லை என்பதுதான் சிக்கல். 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. பல குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் ஆயின. 2000-க்குப் பிறகு நிறையக் குடும்பங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். மில் 1996-ல் மூடிப்போனது. காலிக் கட்டிடத்தில் கொஞ்ச காலம் சினிமா சண்டைக் காட்சிகள் எடுத்தார்கள். வேலையும் போய் வீடும் மாறின பிறகு ஞாபகம் எந்த ஊரில் இருக்கும்? நான் தேடிய தெருவைத் தெரிந்த பாட்டியைப் பெரும்பாக்கத்தில், எட்டு மாடிக் கட்டிடத்தில் பார்த்தேன். அவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். கதவு எண்ணைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது.

"இன்னா நைனா, நம்பரா கேக்குற? அப்போ யாரு வூட்டுக்கு நம்பர் இருந்துச்சு? பைப்பாண்ட செட்டியார் கடை, கடைக்குப் பின்னால மூணாவது வூடு உங்க வூடு. எதுத்தாப்ல அம்மன் கோயில்."

அம்மன் கோயில் என்றதும் எழுந்து உட்கார்ந்தேன். கடைகள் போகும், வீடுகள் போகும், கூழ் ஊற்றும் கோயிலை மட்டும் யாரும் அசைக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிறு போனேன். கோயில் இருந்தது. உள்ளே ஒரு சலவைக் கல்லில் நெசவுப் பிரிவுத் தொழிலாளர்கள் உபயம் என்று செதுக்கி, கீழே பெயர்கள் வரிசையாக இருந்தன. எட்டாவது பெயர் எங்களுடையது, அப்பாவின் முதலெழுத்தோடு.

கோயில் வாசலில் முதுகைக் காட்டி நின்று எதிரே பார்த்தேன். வாரியத்தின் மாடிக் குடியிருப்பு. பாட்டி சொன்ன கணக்குப்படி எங்கள் வீடு இருந்த இடம் ஏறக்குறைய அதன் மாடிப்படிக்கு அடியில் வருகிறது. அங்கே ஒருவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் படம் எடுப்பதைப் பார்த்துப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"சார், காலி பண்ணச் சொல்லி வந்திருக்கீங்களா?"

இல்லை, எங்கள் கொள்ளுத்தாத்தா வீடு இங்கேதான் இருந்தது என்று சொன்னேன். அவர் முகம் இன்னும் கொஞ்சம் இருண்டது.

"அப்போ இடம் கேட்டு வந்திருக்கீங்களா?"