ஜன்னல் துளையில் மண் அடைப்பு: குளவியா, தேனீயா?

கேள்வி: லண்டன் ஹாரோ பகுதியில் பழைய செங்கல் வீடொன்றில் வசிக்கிறோம். ஏப்ரல் முதல் செம்பழுப்பு நிறப் பூச்சிகள் சுவரைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தன. இப்போது ஜூன் முடியும் நேரத்தில், ஜன்னல் சட்டத்தில் மழைநீர் வடியும் துளைகளும் சுவரில் சில ஓட்டைகளும் மண்ணால் அடைபட்டுக் கிடக்கின்றன. ஊரில் மண்கூடு கட்டும் குளவிதான் இது என்கிறார் என் மாமியார். சுவருக்கோ சிறு பிள்ளைகளுக்கோ ஆபத்து உண்டா? மருந்தடித்துவிட்டு, துளைகளை சிலிக்கான் வைத்து மூடிவிடலாமா?

பதில்: மருந்து வேண்டாம், மண் அடைத்த துளைகளை அடுத்த மே மாதம் வரை தொடவும் வேண்டாம். நீங்கள் விவரிக்கும் நிறம், பருவம், இடம் ஆகிய மூன்றும் இங்கிலாந்தின் தோட்டங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் செங்கொத்தனார் தேனீக்கே (red mason bee) பொருந்துகின்றன.

குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, மண்ணைக் கண்டதும் குளவி நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இரண்டையும் பிரித்தறிய, உள்ளே குஞ்சுக்காக வைக்கப்படும் உணவைப் பார்க்க வேண்டும். ஊரில் நாம் காணும் மண்குளவியின் கூட்டை உடைத்தால், அது கொடுக்கால் குத்தி முடமாக்கிய சிலந்திகள் உதிரும். கொத்தனார் தேனீயின் அறையில் மஞ்சள் மகரந்தத்தைப் பூந்தேனில் குழைத்த உருண்டையும் அதன்மேல் ஒரேயொரு வெண்முட்டையும் இருக்கும். கூட்டை உடைக்காமலே அறியவும் வழியுண்டு: அடுத்த வசந்தத்தில் துளைக்குத் திரும்பும் பூச்சியின் அடிவயிறு மஞ்சள் தூள் அப்பியதுபோல் இருந்தால் அது இந்தத் தேனீயே. வளர்ப்புத் தேனீ மகரந்தத்தைப் பின்னங்கால் கூடைகளில் உருண்டையாகச் சுமக்கிறது. கொத்தனார் தேனீ அடங்கிய மெகாகைலிடே குடும்பத்துத் தேனீக்களோ வயிற்றின் அடியிலுள்ள அடர்ந்த மயிர்த்தூரிகையில் உலர்ந்த தூளாகச் சுமக்கின்றன. இலைவெட்டித் தேனீக்களும் இதே குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்தில் ஆஸ்மியா என்ற பேரினத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாமே வடகோளத்தைச் சேர்ந்தவை. கொத்தனார் என்ற பெயர் அனைத்துக்கும் பொருந்தாது. மென்ற இலையால் அறையை மூடும் இனங்களும், காலி நத்தை ஓட்டுக்குள் குடியேறும் இனங்களும் இங்கிலாந்திலேயே உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் செங்கொத்தனார் தேனீயின் அறிவியல் பெயர் ஆஸ்மியா பைகார்னிஸ். பழைய கையேடுகளில் இதையே ஆஸ்மியா ரூஃபா என்ற பெயரில் காண்பீர்கள். 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் இதன் பெண்ணையும் ஆணையும் இரு வேறு இனங்களாகக் கருதித் தனித்தனிப் பெயரிட்டதன் விளைவு அது. அவர்மேல் குறை சொல்ல முடியாது. பெண்ணுக்கு முகத்தில் ஈரமண்ணை அழுத்த உதவும் இரு கொம்புகளும் கருமயிரும் இருக்க, ஆணோ உருவில் சிறியதாய், முகத்தில் வெண்முடிக் கற்றையும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்டிருக்கிறது.

இத்தேனீக்கு ராணியும் இல்லை, வேலைக்காரிகளும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே மண் சுமந்து, தானே கட்டி, தானே முட்டையிடுகிறது; நல்ல ஓட்டைகள் ஓரிடத்தில் நிறைய இருப்பதால் பல பெண்கள் கூடுகின்றன, நமக்கு அது தேன்கூடுபோல் தோன்றுகிறது. பூவிலிருந்து திரும்பும் பெண் முதலில் தலை முன்னே நுழைந்து பூந்தேனைக் கக்கும். பிறகு பின்னோக்கி வெளியே வந்து, வாசலில் திரும்பி, வயிறு உள்ளே போகும்படி பின்வாக்கில் நுழைந்து மகரந்தத்தைத் துடைத்துவிடும். உணவு போதுமான அளவு சேர்ந்ததும் முட்டையிட்டு, மண்சுவர் எழுப்பி, அடுத்த அறையைத் தொடங்கும். கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். எது வேண்டும் என்பது தாயின் கட்டுப்பாட்டில் இருப்பதால், உள்கோடியில் பெண்களையும் வாசல் பக்கம் ஆண்களையும் வைக்கிறது. வசந்தத்தில் ஆண்கள் முதலில் வெளிவந்து காத்திருப்பதற்கு இந்த வரிசையே வழிசெய்கிறது. ஏப்ரலில் உங்கள் சுவரோரம் ஓயாமல் வட்டமிட்டவை பெரும்பாலும் இந்த ஆண்களே. அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு என்றாலும், கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. பிள்ளைகள் அருகில் நின்று பார்க்கலாம்.

இப்போது அடைப்புக்குள் இருப்பவை புழுக்கள். அவை உணவைத் தின்று முடித்துக் கூட்டுறை பின்னி, இலையுதிர் காலத்துக்குள் முழுத் தேனீயாகிவிடும்; ஆனால் குளிர்காலம் முழுவதும் உறைக்குள்ளேயே கிடந்து அடுத்த மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோதான் வெளிவரும். ஆகவே டிசம்பரில் சிலிக்கான் பூசினாலும் உயிருள்ளவற்றையே புதைப்பீர்கள். இன்னும் திறந்திருக்கும் துளைகளுக்கு இப்போதே மெல்லிய கம்பிவலை பொருத்துங்கள். அடைபட்டவற்றில் மண்மூடி துளைபட்டுத் தேனீக்கள் வெளியேறியதும் சுத்தம் செய்து அவற்றுக்கும் வலையிடுங்கள். நீர்வடி துளைகளைச் சிலிக்கானால் மூடினால் சட்டத்துக்குள் தண்ணீர் தேங்கும் என்பது தனிச் சிக்கல்.

சுவரைப் பொறுத்தவரை, இத்தேனீ பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள ஓட்டையையே பயன்படுத்துகிறது. துளைக்குக் கீழே சாந்துத் தூள் கொட்டிக் கிடந்தால் மட்டும் கவனியுங்கள்: இற்றுப்போன சுண்ணாம்புச் சாந்தை இது சற்றுச் சுரண்டக்கூடும், ஆந்தோஃபோரா என்ற உருண்டையான மயிரடர்ந்த தேனீ நன்றாகவே தோண்டும். இரண்டிலும் குற்றம் பழைய சாந்தின்மேல்தான். அதைப் புதுப்பிப்பதே தீர்வு.

தேனீக்கள் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தால், சுமார் 8 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள, பின்புறம் மூடிய அட்டைக் குழாய்களைத் தெற்கு நோக்கிய, மழை படாத சுவரில் மார்ச்சுக்குள் அசையாமல் பொருத்துங்கள். கடைகளில் அழகுக்காக விற்கும், மூங்கில் துண்டுகளை ஒட்டவைத்த தேனீ வீடுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்ய முடியாததால், ஆண்டுதோறும் உண்ணிகளும், மகரந்தத்தைத் திருடித் தின்னும் செங்கண் சிறு ஈயும் பெருகும். அட்டைக் குழாயை அக்டோபரில் பிரிக்கும்போது ஓர் அறையில் கூட்டுறைக்குப் பதிலாக ஆரஞ்சு நிற நூல் சுருள்போன்ற எச்சம் நிறைந்திருந்தால் அந்த ஈ வந்துபோயிருக்கிறது. அந்த அறையை அப்புறப்படுத்திவிட்டு, நல்ல கூட்டுறைகளைக் காற்றோட்டமுள்ள பெட்டியில், வெப்பமூட்டாத கொட்டகையில் வைத்து, மார்ச்சில் புதிய குழாய்களின் அருகே வையுங்கள்.