சட்டம் கேளுங்கள்: மாகாணத்துக்கென்று ஓர் உரிமை அத்தியாயம்

கேள்வி: கல்லூரிப் போட்டி ஒன்றுக்காக ஒரு கற்பனை மாகாணத்துக்கு அரசியல் சட்டம் எழுதுகிறோம். அடிப்படை உரிமைகள் அத்தியாயம் என் பொறுப்பு. நாட்டின் அரசியல் சட்டத்திலேயே உரிமைகள் இருக்கும்போது மாகாணத்துக்குத் தனியாக எதற்கு என்று என் குழுவிலேயே கேட்கிறார்கள். நிஜத்தில் யாராவது இப்படி எழுதியிருக்கிறார்களா? (சட்ட மாணவி, திருச்சி)

பதில்: எழுதியிருக்கிறார்கள். அதுவும் நம் ஆட்களுக்குப் பழக்கமான மண்ணில். 1860-இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முதல் கப்பல் கரைசேர்ந்ததே, அந்த நட்டாலைத்தான் சொல்கிறேன். இன்று குவாசுலு-நட்டால் மாகாணம், தென்னாப்பிரிக்கா.

நிறவெறி ஆட்சி முடிந்து 1994-இல் முதல் தேர்தல் நடந்தபோது அந்த நாட்டில் ஓர் இடைக்கால அரசியல் சட்டம் இருந்தது. அதன் 160-ஆவது பிரிவு, எந்த மாகாணமும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தனக்கென்று ஓர் அரசியல் சட்டம் இயற்றிக்கொள்ளலாம், ஆனால் அது தேசிய அரசியல் சட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது, அரசியல் சாசன நீதிமன்றம் சரிபார்த்துச் சான்று தரும்வரை செல்லாது என்றது. குவாசுலு-நட்டால் சட்டமன்றத்தில் 81 இடங்கள். இன்காத்தா சுதந்திரக் கட்சிக்கு 41, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்கு 26, மீதி சின்னக் கட்சிகளுக்கு (இந்திய வம்சாவளியினரின் ஆதரவில் நின்ற சிறுபான்மை முன்னணிக்கும் அதில் ஓர் இடம்). மூன்றில் இரண்டு பங்கு என்றால் 54 பேர். அந்த இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்களும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள். அப்படியிருந்தும் 1996 மார்ச் 15 அன்று ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் ஓர் அரசியல் சட்டத்தை நிறைவேற்றினார்கள். உரிமைகளுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் சான்று தர மறுத்துவிட்டது.

ஏன் மறுத்தது என்பதுதான் உங்கள் குழு கேட்ட கேள்விக்கும் பதில். மாகாணம் உரிமை அத்தியாயம் வைத்துக்கொள்வதில் கொள்கையளவில் தவறே இல்லை என்று நீதிபதிகள் தெளிவாகவே சொன்னார்கள். தேசியச் சட்டம் தருவதைவிட அதிகமாகத் தரலாம், அதில் இல்லாத புது உரிமைகூடத் தரலாம். ஒரே நிபந்தனை, அது மாகாணத்தின் கையில் இருக்கும் விஷயங்களுக்குள் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, வீட்டுவசதி போல மாகாண அரசு நடத்துகிற காரியங்களில் தன் கையைத் தானே எவ்வளவு இறுக்கமாகவும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த அத்தியாயம் அங்கே நிற்காமல், மாகாணத்துக்கு அதிகாரமே இல்லாத துறைகளுக்கும் சேர்த்து விதி எழுதியது. மற்ற அத்தியாயங்களில் இது இன்னும் மோசம். மாகாணத்துக்கென்று தனி அரசியல் சாசன நீதிமன்றம், தேசிய நாடாளுமன்றத்துக்கு இன்னின்ன அதிகாரம் உண்டென்று மாகாணமே ‘அங்கீகரிப்பது’ என்று போகிறது. மத்திய அரசும் நாமும் சரிசமமான உச்ச அதிகாரம் என்ற தவறான நினைப்பில் எழுதப்பட்டதாகத் தெரிகிறது என்றது நீதிமன்றம். ‘எங்காவது முரண் வந்தால் முரண் வராதபடி படித்துக்கொள்க’ என்கிற மாதிரி காப்புப் பிரிவுகளையும் உள்ளே வைத்திருந்தார்கள், அவையும் எடுபடவில்லை. இரண்டு ஆண்டு பேச்சுவார்த்தை அப்படியே போனது. எனக்கு அது இன்னும் வருத்தம்தான், ஏனென்றால் அந்த அத்தியாயத்தை மட்டும் அளவோடு எழுதியிருந்தால் அதுவே உலகத்துக்கு ஒரு நல்ல மாதிரியாக இருந்திருக்கும்.

மேற்கு கேப் மாகாணம் அடுத்த ஆண்டு இதைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, மறுகோடிக்குப் போய்விட்டது. அவர்களுக்கும் முதல் தடவை, முக்கியமாகத் தேர்தல் முறை தொடர்பாக, சான்று கிடைக்கவில்லை. திருத்தி அனுப்பி 1997 நவம்பரில் வாங்கினார்கள், 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்டில் மாகாண அரசியல் சட்டம் என்று இருப்பது இன்றும் அது ஒன்றுதான். ஆனால் அதில் உரிமை அத்தியாயம் இல்லை, வழிகாட்டு நெறிகள்தான் இருக்கின்றன, நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாதவை, நம் அரசியல் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சொல்கிற அதே கதை. குழந்தைகளுக்கு ஓர் ஆணையர் என்று ஒரு நல்ல ஏற்பாடு அதில் உண்டு, முதல் ஆணையர் பதவிக்கு வர 2020 ஆகிவிட்டது.

கேள்வி: நம் நாட்டில் மாநிலங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் இருந்தது. 1956 நவம்பரில் ஏற்கப்பட்டு 1957 ஜனவரி 26 முதல் நடப்பில் இருந்தது, 2019-இல் முடிவுக்கு வந்தது. அதிலும் அடிப்படை உரிமைகளுக்கென்று முழு அத்தியாயம் கிடையாது, நிரந்தரக் குடியாளர்களுக்கு இந்திய அரசியல் சட்டம் தரும் உரிமைகள் உண்டு என்று சொல்லிவிட்டு வழிகாட்டு நெறிகளுக்குப் போய்விடுகிறது.

கேள்வி: சரி, எழுத உட்கார்ந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும்? (அதே திருச்சி மாணவி, கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்)

பதில்: நீங்கள் அனுப்பிய வரைவில் 22 உரிமைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ‘வழங்கப்பட வேண்டும்’, ‘உறுதி செய்யப்பட வேண்டும்’ என்றே முடிகின்றன. யார் வழங்க வேண்டும்? தமிழில் சட்டம் எழுதும்போது நம்மைக் கவிழ்ப்பது இந்தப் ‘பட’ தான். கேட்க கம்பீரமாக இருக்கும், ஆனால் கடமைப்பட்டவர் வாக்கியத்திலிருந்தே நழுவிவிடுவார். ‘மாகாண அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் வழங்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். எழுதும்போதே கை நிற்கும், இது நம் அதிகாரத்தில் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். நட்டால்காரர்கள் விழுந்த குழி அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம், உரிமை யாருக்கு? ‘குடிமக்கள்’ என்றா, ‘ஒவ்வொருவரும்’ என்றா? நம் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு, 21-ஆவது எந்த மனிதருக்கும். மாகாணம் என்று வரும்போது இதில் ஓர் ஆபத்து கூடுதல். ‘மாகாண மக்கள்’ என்று எழுதினால் நேற்று வேலை தேடி வந்தவர் வெளியே நிற்பார். பிரசவ வலியோடு வரும் வெளியூர்ப் பெண்ணிடம் குடியிருப்புச் சான்று கேட்கும் நிலைக்கு உங்கள் வரி இடம் கொடுக்கக் கூடாது. ஓட்டுரிமை தவிர வேறெங்கும் ‘ஒவ்வொருவரும்’ என்றே வையுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

யார் நீதிமன்றம் போகலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு 1946-லேயே தனி அரசியல் சட்டம் உண்டு. அங்கே ஒரு சட்டம் அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று தோன்றினால், தனக்கு நேரடியாகப் பாதிப்பு இல்லாவிட்டாலும் யாரும் மாநில அரசியல் சாசன நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். காட்டுக்குள் போய்ப் பழம் பொறுக்குவதுகூட அந்த அரசியல் சட்டத்தில் எல்லோருக்கும் உரிமை. இதெல்லாம் தேசிய அளவில் எழுதத் தோன்றாது, ஊருக்குப் பக்கத்திலிருந்து எழுதினால்தான் தோன்றும். உங்கள் 22-இல் அப்படி ஊர் வாசனை உள்ளது ஒன்றுகூட இல்லை, மன்னிக்கவும்.

கேள்வி: என் அம்மா மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸில் இருக்கிறார். காகிதத்தில் ‘மருத்துவ உரிமை’ என்று எழுதி வைத்து யாருக்கு என்ன பயன்? கோபமாகத்தான் கேட்கிறேன். (வாசகர், மதுரை)

பதில்: கோபம் நியாயமானது ஐயா. உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவரின் வழக்கு இதே நட்டாலில்தான் நடந்தது. தியாகராஜ் சூப்ரமணி என்பவர் (பெயரைப் பார்த்தாலே எந்த ஊரிலிருந்து போன குடும்பம் என்று தெரிகிறது), 41 வயது, சர்க்கரை நோய், இதய நோய், இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. தனியாரிடம் டயாலிசிஸ் செய்து கையிருப்பு தீர்ந்தபின் டர்பன் அரசு மருத்துவமனைக்குப் போனார். இயந்திரங்கள் குறைவு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முதலிடம் என்று மறுத்துவிட்டார்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று புதிய தேசிய அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறதே என்று மாகாண சுகாதார அமைச்சர் மேல் வழக்குப் போட்டார். நாள்பட்ட நோய்க்கான தொடர் சிகிச்சை ‘அவசரம்’ ஆகாது, இருக்கிற பணத்தை மாகாணம் நேர்மையாகப் பங்கிட்டிருந்தால் நாங்கள் தலையிட மாட்டோம் என்று 1997 நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார்.

இதைப் படித்துவிட்டு உரிமை வீண் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ஏனென்றால் அதே மாகாணம் 2007-இல் குடிசைகளை ஒழிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் 16-ஆவது பிரிவின்படி, மாகாண அமைச்சர் கெடு வைத்துவிட்டால் நில உரிமையாளரோ நகராட்சியோ குடியிருப்பவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தே ஆக வேண்டும். டர்பன் குடிசைவாசிகளின் அமைப்பான அபஹ்லாலி எதிர்த்துப் போனது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கியது, வீட்டுரிமையை எழுதிய தேசிய வரிகளை வைத்துத்தான்.

சூப்ரமணி வழக்கில் நான் ஏங்குவது வேறொன்றுக்கு. மருத்துவமனையை நடத்தியது மாகாணம், பணத்தை ஒதுக்கியதும் மாகாணம். நாள்பட்ட நோயாளிகளைப் பற்றி நாலு வரி எழுத, முழுக்க மாகாணத்தின் வரம்புக்குள்ளேயே, இடம் இருந்தது. எல்லோருக்கும் எல்லா சிகிச்சையும் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இயந்திரம் இல்லாத இடத்தில் வரி இயந்திரமாகாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன், திருச்சி மாணவிக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ‘உயிர் காக்கும் தொடர் சிகிச்சையை ஒருவருக்கு மறுத்தால், காரணத்தையும் எந்த விதிப்படி என்பதையும் மாகாண சுகாதாரத் துறை 3 நாளுக்குள் அவர் மொழியில் எழுத்தில் தர வேண்டும். துறைக்கு வெளியே உள்ள மருத்துவர்கள் அதை 7 நாளுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்த முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்பதைச் சுகாதார அமைச்சர் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுக்கு முன் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.’