மோடுகளுக்குக் காசு கேட்கலாமா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வணக்கம். 2012 முதல் ஸ்கைரிம் என்ற வீடியோ கேமுக்கு மோட் செய்துவருகிறேன். மோட் என்றால், விளையாட்டில் எதையாவது சேர்க்கவோ மாற்றவோ ரசிகர்கள் செய்யும் கோப்பு. ஊர்த் தெருக்களில் லாந்தர் விளக்கு வைக்கும் மோட் ஒன்றும், மற்றவர்களின் மோடுகள் ஒன்றோடொன்று மோதாமல் ஓடுவதற்கான பேட்ச்கள் முப்பதும் என் கணக்கில் உண்டு. எல்லாமே இலவசம். காசுக்கு விற்கும் மோடுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. மோட் காசுக்கா, இலவசமா?

இலவசம். அதற்காகச் செய்தவர் கையில் காசே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்கொடை வாங்கட்டும், விளம்பர வருமானத்தில் பங்கு வாங்கட்டும். "காசு கொடுத்தால்தான் கோப்பைத் தருவேன்" என்று பூட்டுப் போடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: நான் 3டி மாடலிங்கைத் தொழிலா செய்யறவ. ஒரு கவசத்துக்கு மூணு வாரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். "ஆசைக்குத்தானே செய்யறீங்க, எதுக்குக் காசு?"ன்னு கேக்கறாங்க. எரிச்சலா வருது.

வரத்தான் செய்யும். அப்படிக் கேட்கிறவர்களுக்கு உழைப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை. ஆசையாகச் செய்கிற வேலைக்குக் கூலி கிடையாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இதில் முழுக்க உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் அந்தக் கவசம் விளையாட்டுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அது பொருந்துகிற உடல் மெஷ், அதாவது 3டி வடிவம், வேறொருவர் செய்தது. அசைவுக்கான எலும்புக்கூடு இன்னொருவர் செய்தது. மெஷ்ஷைத் திறந்து பார்க்க நிஃப்ஸ்கோப் என்ற மென்பொருள், மோடின் பிளக்இன் கோப்பைச் சீர்செய்ய எக்ஸ்எடிட், விளையாட்டின் ஸ்கிரிப்டுகளுக்குக் கூடுதல் திறன் தர எஸ்கேஎஸ்இ. அத்தனையும் யாரோ இரவு கண்விழித்துச் செய்து சும்மா கொடுத்தவை. நீங்கள் ஐந்து டாலர் விலை வைத்தால் அவர்களுக்கு எவ்வளவு? எல்லோரும் பங்கு கேட்டால் உங்களுக்கு மிஞ்சுவது என்ன? கேட்காமல் இருந்தால் அது நியாயமா? இந்தக் கணக்கைத் தீர்த்தவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விலை வைத்த அன்றே நீங்கள் கடைக்காரர் ஆகிவிடுகிறீர்கள். 2021 நவம்பரில் ஸ்கைரிமின் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, எஸ்கேஎஸ்இயை நம்பியிருந்த பிளக்இன்கள் ஒரே நாளில் படுத்துவிட்டன. அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். "உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் பொறுங்கள்" என்று ஒரு வரி போட்டேன், எல்லோரும் பொறுத்தார்கள். காசு வாங்கியிருந்தால் அப்படி ஒரு வரி போட எனக்கு வாய் வந்திருக்காது. வாங்கியவர் கேட்பார், கேட்க அவருக்கு உரிமையும் இருக்கிறது.

கேள்வி: 2015-ல ஸ்டீம்ல பெரிய சண்டை நடந்ததாமே? அப்ப நான் சின்னப் பையன். என்ன நடந்துச்சு?

2015 ஏப்ரல் 23 அன்று, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வும் ஸ்கைரிமை வெளியிட்ட பெதஸ்டாவும் சேர்ந்து, மோடுகளைப் பகிரும் இடமான ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கைரிம் மோடுகளை விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தன. விற்ற தொகையில் மோடருக்கு 25 சதவீதம், வால்வுக்கு 30, பெதஸ்டாவுக்கு 45. அந்த 25-ஐப் பார்த்துத்தான் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு.

முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் மீன்பிடி மோட் ஒன்று இருந்தது. நல்ல மோடர், கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். ஆனால் அந்த மோட் இன்னொருவரின் இலவச அனிமேஷன் மோடைச் சார்ந்திருந்தது. அவர் தன் வேலை விற்பனையில் கலப்பதை விரும்பவில்லை. மீன்பிடி மோட் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அதுவரை "எடுத்துக்கோ, பேரை மட்டும் போடு" என்று இருந்தவர்கள் அந்த நாளில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிலர் தங்கள் கோப்புகளைத் தளங்களிலிருந்து நீக்கினார்கள், யாராவது தூக்கிக்கொண்டுபோய் விற்றுவிடுவார்களோ என்ற பயம். நானும் ஒரு பேட்ச்சை மறைத்துவைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் அதை நம்பி இரண்டு மோடர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

27-ஆம் தேதி எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குக் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தாங்கள் என்ன செய்கிறோம் என்பது சரியாகப் புரியாமல் இறங்கிவிட்டதாக வால்வே ஒப்புக்கொண்டது. மொத்தமே நாலு நாள்தான். முறிந்த நட்புகள் ஒட்ட வருடங்கள் ஆயின.

கேள்வி: என் மோடை ஒருத்தன் எடுத்து, காசு கட்டினாத்தான் கிடைக்கும்ங்கற பேக்ல போட்டுட்டான். சட்டப்படி எனக்கு ஏதாவது பிடி இருக்கா?

இது எனக்கும் நடந்தது. ஒருவர் "கிராபிக்ஸ் பேக்" என்று மாதச் சந்தாவுக்கு விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் ஒருவர் கோப்பை அனுப்பினார். மெஷ் ஃபோல்டரைத் திறந்தேன். 2013-ல் தூக்கக் கலக்கத்தில் 'லாந்தர்ன்' என்று ஆங்கிலத்தில் அடிக்கப்போய் இரண்டு எழுத்து இடம் மாறி, 'லாந்த்ரென்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன். மாற்றினால் மற்ற மோடுகள் உடையும் என்று அப்படியே விட்டதுதான். அதே பிழையோடு அதே கோப்பு அங்கே இருந்தது. அந்தத் தளத்துக்கு இரண்டு கோப்புகளின் ஹாஷ் மதிப்பு (இரண்டும் ஒன்றேதான் என்று காட்டும் எண்), நான் பதிவேற்றிய தேதி, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். ஒன்பது நாளில் பேக்கை நீக்கிவிட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோபமாக எழுதாதீர்கள், ஆதாரத்தை மட்டும் வையுங்கள்.

சட்டம் என்று பார்த்தால் அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு தீர்ப்பு முக்கியம். மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம், டியூக் நியூகம் 3டி என்ற விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த 300 லெவல்களை இறக்கி, ஒரே சிடியில் போட்டு விற்றது. அந்த விளையாட்டை வெளியிட்ட ஃபார்ம்ஜென் எதிர்த்து வழக்காடியது. அந்த லெவல்கள் மூல விளையாட்டின் கதையிலிருந்து பிறந்த வழிப்படைப்புகள், உரிமையாளர் அனுமதி இல்லாமல் விற்பது பதிப்புரிமை மீறல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லெவல் எடிட்டரோடு வந்த உரிமமே, செய்தவற்றை இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது.

இதில் இரண்டு பக்கமும் கூர் உண்டு. உங்கள் கோப்பைத் திருடியவரைத் தடுக்கலாம். அதே சமயம் உங்கள் மோடை விற்கும் உரிமை உங்களுக்கே முழுசாக இல்லை. விளையாட்டின் உரிம ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்புக்கு மோட் செய்து என்ன வேண்டுமானாலும் பண்ணலாம், விற்கத்தான் கூடாது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் விலை வைக்காதீர்கள்.

கேள்வி: பேட்ரியான்ல "முதல்ல சந்தாக்காரங்களுக்கு, அப்புறம் எல்லாருக்கும்"னு குடுக்கறது தப்பா?

பேட்ரியான் என்பது ரசிகர்கள் மாதச் சந்தா கட்டி ஆதரிக்கும் தளம். அங்கே, எல்லோருக்கும் எப்போது என்று தேதி சொல்லிவிட்டுக் கொடுத்தால் தப்பில்லை. தி சிம்ஸ் 4 விளையாட்டுக்கு அதன் நிறுவனமான இஏ 2022-ல் விதியைத் திருத்தியபோது கிட்டத்தட்ட இந்த இடத்துக்குத்தான் வந்தது: நியாயமான ஒரு காலம்வரை முன்கூட்டிய அணுகல் கொடுக்கலாம், பிறகு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. காசு கொடுத்தவருக்கு அவசரத்துக்கு ஒரு பலன் கிடைக்கிறது, கொடுக்க முடியாதவருக்குக் கொஞ்சம் காத்திருந்தால் போதும்.

நிரந்தரப் பூட்டு வேறு விஷயம். 2023-ல் பெதஸ்டாவின் ஸ்டார்ஃபீல்டு விளையாட்டு வந்தபோது, படத்தை வேகமாக ஓடவைக்கும் நுட்பங்களில் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் மட்டும்தான் அதில் இருந்தது, என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இல்லை. ஒரு மோடர் டிஎல்எஸ்எஸ்ஸைச் சேர்த்து, சந்தாவுக்குப் பின்னால் வைத்து, காசு கட்டாதவர் ஓட்ட முடியாதபடி டிஆர்எம் பூட்டும் போட்டார். உடனே சிலர் பூட்டை உடைத்தார்கள். வேறு சிலர் அதே வேலையை இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். நவம்பரில் பெதஸ்டாவே டிஎல்எஸ்எஸ்ஸைச் சேர்த்துவிட்டது. திறமையான ஒரு ஆள், பூட்டைக் காப்பாற்றுவதிலேயே நேரத்தைச் செலவழித்தார். அந்த நேரத்தில் அவர் வேறென்னவெல்லாம் செய்திருக்கலாம் என்றுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: கம்பெனியே கடை போட்டு விக்கறாங்களே, கிரியேஷன் கிளப் மாதிரி?

பெதஸ்டா 2017-ல் தொடங்கி, ஸ்கைரிமில் 2023 வரை இருந்த கடை கிரியேஷன் கிளப். அதில் புதிதாகச் செய்யப்பட்டவை மட்டும் வந்தன, செய்தவருக்கு ஊதியம் இருந்தது, நிறுவனம் சோதித்துப் பார்த்தது. மற்றவர் மோடுகளைச் சாராத, தன்னளவில் முழுமையான ஒன்றை அப்படிப்பட்ட கடையில் விற்பதில் எனக்கு மறுப்பில்லை. விலைதான் பல சமயம் அதிகம். 2024-ல் ஸ்டார்ஃபீல்டுக்கு ஒரே ஒரு மிஷனைச் சுமார் ஏழு டாலருக்கு வைத்தபோது வந்த எதிர்ப்பு நியாயமானது.

கேள்வி: ஃப்ளைட் சிமுலேட்டர் ஆளுங்க விமானத்துக்குத் தனியா காசு கட்டி வாங்கறாங்க, யாரும் அழறதில்ல. நாம மட்டும் ஏன் அழறோம்?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பல வருடம் யோசித்திருக்கிறேன்.

அங்கே ஒரு விமானம் என்பது தனிப் பொருள். காக்பிட்டின் ஒவ்வொரு சுவிட்சும், எரிபொருள், ஹைட்ராலிக்ஸ் எல்லாம் அந்தக் குழுவே எழுதியது. நீங்கள் வாங்கிய விமானம் என்னுடைய விமான நிலையத்தைத் தொடுவதில்லை. இரண்டையும் தனித்தனியாக விற்கலாம், ஒன்று கெட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும்.

ஸ்கைரிமில் என் லோட் ஆர்டரில், அதாவது விளையாட்டு ஏற்றுகிற மோடுகளின் வரிசையில், 240 மோடுகள். ஒரு ஊரின் சதுக்கத்தில் நின்றால், தரை ஒருவருடையது, மரம் ஒருவருடையது, வானிலை ஒருவருடையது, விளக்கு என்னுடையது, அந்த விளக்கு மரத்துக்குள் புதைந்துபோகாமல் நகர்த்தி வைத்த பேட்ச் இன்னொருவருடையது. அந்த பேட்ச்சைச் செய்ய அவர் மரத்து மோடையும் என் மோடையும் இறக்கிப் பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் காசு என்றால் அவர் எதற்காகச் செலவழித்து நமக்குப் பேட்ச் செய்வார்? முதலில் சாகிறது அந்த பேட்ச்தான். பெரிய மோடுகள் விலை வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். இடையில் ஒட்டுப்போடுகிற சின்ன வேலைகள் காணாமல் போகும். அவை இல்லாவிட்டால் 240 மோடுகள் ஒன்றாக ஓடாது, பத்து ஓடினாலே அதிசயம்.

அதனால் ஃப்ளைட் சிமுலேட்டரை வைத்து ஸ்கைரிமையோ, ஸ்கைரிமை வைத்து அதையோ அளக்காதீர்கள்.

கேள்வி: மோடிங்கை நம்பி வாழ முடியுமா அண்ணா? கல்லூரி முடிக்கப் போறேன்.

மோடை மட்டும் நம்பி வேண்டாம், தம்பி. மோட் வழியாக முடியும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1999-ல் வால்வின் ஹாஃப்-லைஃப் விளையாட்டுக்கு இரண்டு பேர் தொடங்கிய இலவச மோட், அடுத்த ஆண்டே வால்வு அதை வாங்கி அவர்களையும் சேர்த்துக்கொண்டது. கேரிஸ் மோட் 2004-ல் இலவசம், 2006-ல் ஸ்டீமில் தனி விளையாட்டு. தி ஃபர்காட்டன் சிட்டி 2015-ல் ஸ்கைரிம் மோடாக வந்து, 2016-ல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது வாங்கியது. அதைச் செய்தவர் அந்த மோடை விற்கவில்லை. வேறு இன்ஜினில் அடியிலிருந்து மறுபடி கட்டி 2021-ல் தனி விளையாட்டாக விற்றார். இந்த வழிதான் எனக்குச் சரியென்று படுகிறது. மோட் எல்லோருக்கும், அதில் பழகிய கையால் கட்டுகிற உங்கள் சொந்த வீடு விலைக்கு.

கேள்வி: நன்கொடை நிஜமாவே வருமா?

கொஞ்சம். பன்னிரண்டு வருடம் போல நன்கொடைப் பொத்தான் வைத்திருந்தேன், வந்ததை வைத்து ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாது. மோடுகளைப் பகிரும் தளமான நெக்சஸ் மோட்ஸ் 2018-ல் கொண்டுவந்த டொனேஷன் பாயின்ட் முறை அதைவிடப் பலன் தந்தது. தளம் மாதம் ஒரு தொகை ஒதுக்கும், டவுன்லோடுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கும். ஆட்டக்காரர் கையைவிட்டு எதுவும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கையில காசு இல்லாத ஆட்டக்காரி நான். சும்மா எடுத்துக்கறமேன்னு குற்ற உணர்ச்சியா இருக்கு.

வேண்டாம் அம்மா. "கிராஷ் ஆகுது, சரி பண்ணுங்க" என்று எழுதாமல், எந்த ஊரில், என்ன செய்தபோது, கிராஷ் லாக் இதோ, இந்த இரண்டு மோடைத் தூக்கினால் ஓடுகிறது என்று ஒருவர் எனக்கு எழுதினார். மூன்று மாதமாகத் தேடிய பிழை இருபது நிமிடத்தில் கிடைத்தது. எந்த நன்கொடையும் எனக்கு அவ்வளவு உதவியதில்லை.

கேள்வி: உங்க லாந்தர் மோடை யாராவது விலைக்குக் கேட்டா குடுப்பீங்களா?

போன வருடம் நானே யோசித்தேன், வீட்டில் பணத்தேவை இருந்தது. கன்சோலுக்கும் சேர்த்து விலைக்கு விடலாமா என்று. உதவியவர்கள் பட்டியலை எடுத்து எண்ணினேன், பதினொரு பெயர். சுடர் டெக்ஸ்சர் ஒருவருடையது, இரவில் தானாக எரியும் ஸ்கிரிப்ட் ஒருவருடையது, இப்படி. எல்லோருக்கும் எழுதினேன். ஒன்பது பேர் சரி என்றார்கள், அதில் நாலு பேர் பங்கே வேண்டாம் என்றார்கள். இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. அதில் ஸ்கிரிப்ட் எழுதியவர் கடைசியாகத் தளத்துக்குள் வந்தது 2016-ல். அவருடைய வரிகளை எடுத்துவிட்டால் விளக்கு பகலிலும் எரியும். நானே புதிதாக எழுதிப் பார்த்தேன், அவருடையது போல வரவில்லை. விலைக்கு விடும் எண்ணத்தை அத்தோடு விட்டுவிட்டேன். மோட் அதே பக்கத்தில் அப்படியே இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள்.