முத்திரை ஒட்டாத கதைகள்

இந்த மாதம் 14 கடிதங்கள். 9 வட்ஸ்அப்பில் வந்தவை, ஆசிரியர் குழுப் பிள்ளை தாளில் எடுத்துத் தந்தது. மற்ற 5 தபாலில். தபாலில் வந்ததைத்தான் முதலில் உடைத்தேன். 31 வருடம் தபாற் கந்தோரில் இருந்தவளின் கை அப்படித்தான் போகும். பேசி வைத்ததுபோல எல்லாரும் கதை எழுதுவதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த முறை அதுவே இருக்கட்டும்.

அக்கா, மாவட்டச் செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமி. இரவு பத்தரைக்குக் கொப்பியைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாக ஓடுகிறது. எழுத்தாளர்கள் எப்போதுதான் எழுதுகிறார்கள்?
*– வாசகி, உவர்மலை*

மற்றவர்களை நான் அறியேன். நான் மத்தியானம் பன்னிரண்டரைக்கும் ஒரு மணிக்கும் இடையில் எழுதினேன். கருமபீடத்தில் ‘மூடப்பட்டுள்ளது’ பலகையை வைத்துவிட்டு, சோற்றுப் பார்சலைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கையைக் கழுவினால் மிச்சம் இருபது நிமிடம். தாள் வாங்கக் காசு கொடுத்ததில்லை. பிழைத்துப்போன தந்திப் படிவங்களின் பின்பக்கம் இருந்தது. சின்னப் படிவம், அறுபது சொல்லுக்கு மேல் கொள்ளாது. முழுத்தாளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம்.

அந்தப் படிவத்தின் முன்பக்கமும் எனக்குப் படிப்பித்தது. அந்தக் காலத்தில் தந்திக்குச் சொல் கணக்கில் காசு. தம்பலகாமத்திலிருந்து வந்த ஒருவர், தகப்பன் இறந்ததைத் தம்பிக்கு அறிவிக்க எழுதிக்கொண்டு வந்தார். எவ்வளவு வரும் என்று கேட்டார், சொன்னேன். விரல் விட்டு எண்ணி மூன்று சொல்லை வெட்டினார். வெட்டிய மூன்றும் தன் துக்கத்தைப் பற்றியவை. மிஞ்சியதை எண்ணிக் காசு வாங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெட்டாமல் தந்திருந்தால் அடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

தங்கச்சி, பத்தரை மணியை விட்டுவிடுங்கள். அது நித்திரைக்கு உரிய நேரம். மாமிக்கு மருந்து கொடுத்துவிட்டு அவர் கண்ணயரும்வரை பக்கத்தில் இருப்பீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் 100 சொல். ஒரு மாதத்தில் 3,000 சொல் சேரும். நடுத்தரச் சிறுகதை ஒன்று அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டாம்.

நேரம் கிடைத்தால் எழுதிக் கிழித்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஓய்வு பெற்றதும் நான் சன்னலோரம் தேக்கு மேசை ஒன்று வாங்கிப் போட்டேன். எட்டு மாதம் ஒரு வரி வரவில்லை. இப்போது அந்த மேசையில் மருமகளின் தையல் மெசின் இருக்கிறது. நான் குசினி வாசற்படியில் இருந்து எழுதுகிறேன்.

எழுத்தாளருக்குத் தாடி அவசியமா?
*– ஒரு குறும்பர், அபயபுரம்*

நான் வளர்த்துப் பார்க்கவில்லை.

என் பாத்திரங்கள் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசுகின்றன. மற்ற மாவட்டத்துக்காரருக்கு விளங்காது, ராத்தா, காக்கா எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்புப் போடு என்கிறார் கூட்டாளி. போடவா அக்கா?
*– கல்விக் கல்லூரி மாணவர், கிண்ணியா*

‘ராத்தா’ என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரம் குத்தி, அடியில் ‘மூத்த சகோதரி’ என்று போட்டால் வாசிக்கிறவரின் கண் கீழே இறங்கும். திரும்பி ஏறும்போது விட்ட இடம் தெரியாது. அதைவிட, ‘ராத்தா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வாப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள்’ என்று ஒரு வரி எழுதுங்கள் தம்பி. யாழ்ப்பாணத்தாருக்கும் விளங்கும், தஞ்சாவூராருக்கும் விளங்கும்.

ஒன்று மட்டும். பேசுகிறபோது விழுங்கும் ஒவ்வொரு ஓசையையும் எழுத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள். வாசிப்பவர் எழுத்துக் கூட்டத் தொடங்கினால் கதை நின்றுவிடும். ஊரின் சொல்லும் அந்தச் சொல் வந்து விழுகிற ஒழுங்கும் போதும்.

சொந்த ஊரைக் கதைக்குள் விடத் தயங்குவது எங்கள் மாவட்டத்தில் பழைய கதை. திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார், தமிழின் முதல் சரித்திர நாவல் என்று அதைச் சொல்வார்கள். கதை நடப்பது நாயக்கர் காலத்துத் தமிழ்நாட்டில். எத்தனையோ காலம் கழித்துத்தான் மூதூரில் படிப்பித்துக்கொண்டிருந்த வ. அ. இராசரத்தினம் தன் ஊர்க் கரையின் மீனவர்களைக் கதைக்குள் கொண்டுவந்தார். ‘தோணி’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. உங்கள் பக்கத்து ஊர்க்காரர், தேடி வாசியுங்கள். வாசித்துவிட்டு அவரைப்போல எழுத வேண்டாம். உங்களுடைய ஆற்றங்கரை வேறு.

கூட்டாளியிடம் கேளுங்கள்: கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடும்போது நடுவில் நிறுத்தி யாராவது அர்த்தம் சொன்னார்களா?

மூன்று கதைகளை மூன்று இடத்துக்கு அனுப்பினேன். ஏழு மாதமாகப் பதில் இல்லை. யாராவது தங்கள் பெயரில் போட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
*– வாசகி, மூதூர்*

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே கதை உங்களுடையது. எங்கும் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுளுக்கும், அதன்பின் 70 வருடத்துக்கும் உரிமை உண்டு. கையெழுத்துப் பிரதியைப் படம் பிடித்து, யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பித் திகதியோடு வைத்துக்கொண்டால் பிறகு காட்ட வசதி. இதற்கு மேல் அந்தப் பயத்துக்குச் சோறு போடாதீர்கள்.

பதில் வராததுதான் நோகும். தெரியும். கந்தோரில் தடித்த கவர் ஒன்று கைக்கு வந்தால் நிறுக்கும்போதே சொல்லிவிடுவேன், உள்ளே கதை என்று. காசோலை மெலிசு. விண்ணப்பம் என்றால் நீளக் கவர். கதை மட்டும் நாலாய் மடித்து நடுவில் புடைத்திருக்கும். அனுப்ப வருகிறவரின் முகமும் காட்டிக் கொடுக்கும்: முத்திரையை ஒட்டிவிட்டுக் கவரைக் கைவிடாமல் நிற்பார். நானும் அப்படித்தான் நின்றேன், என்ன, கருமபீடத்தின் இந்தப் பக்கத்தில்.

என்னுடைய முதல் கதை போய்ச் சேரவில்லை. தபாற்காரியின் கதையே தபாலில் தொலைந்தது. இரண்டாவது கதை ஒரு சஞ்சிகையில் வந்தது. பெயர் வேண்டாம். வந்த அன்று பஸ் நிலையக் கடையில் நின்றபடியே வாசித்தேன். இரண்டாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் செத்துப்போன கிழவர் மூன்றாம் பக்கத்தில் சுருட்டுப் பற்றவைக்கிறார். அழுகை வந்தது. ஆசிரியருக்கு நாலு பக்கத்தில் காகிதம் எழுதினேன். போடுவதற்கு முன்னமே வாசகர் கடிதங்கள் வந்துவிட்டன. இரண்டு பேர் ‘அருமை’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘கிழவரின் நினைவு மீண்டும் எழும் உத்தி’யைப் பாராட்டியிருந்தார். பக்கம் மாறியதை ஒரு சீவனும் கவனிக்கவில்லை!

ஆத்திரம் ஆற ஒரு வருடம் பிடித்தது. அப்புறம்தான் விளங்கியது: இரண்டு பக்கத்தை இடம் மாற்றியும் கதை பிழைத்து நிற்கிறது என்றால், கிழவர் செத்தும் அந்த இரண்டு பக்கத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கதையை முடித்தாலும் தாள்களைக் கலைத்துப் போட்டு வாசித்துப் பார்ப்பேன். கலைந்தது தெரியாவிட்டால் திரும்ப எழுதுவேன்.

ஏழு மாதம் போதும். மூன்றிடத்துக்கும் ஒரு வரி எழுதி, ‘வேறிடம் அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிட்டு அனுப்புங்கள். நாலாவது கதை எங்கே? கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லையே.

கணினியில் தட்டச்சு செய்து அனுப்பிய கதை ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறதாம்.
*– வாசகர், உப்புவெளி*

பாமினியில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஔவையார் பெரும்பாலும் ‘ஒள’வையாராகி நிற்பார்.

கதையில் வந்த சண்டைக்கார மாமி தான்தான் என்று மாமி கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கிழமையாகப் பேச்சில்லை.
*– வாசகர், அன்புவழிபுரம்*

என் கணவர் வாழ்நாளில் என்னுடைய ஒரேயொரு கதையைத்தான் வாசித்தார். “இது அம்மாவா?” என்று கேட்டார். ஆமென்றேன். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. ஆமென்று சொல்லியிருக்கக்கூடாது.

எனக்கு 19 வயது. சண்டை முடிந்தபோது மூன்று வயது. எதுவும் ஞாபகமில்லை. ஆனால் போட்டிகளில் போர்க் கதைகளுக்குத்தான் பரிசு கிடைக்கிறது. என் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை. நான் எதை எழுதுவது?
*– பெயர் வேண்டாம், நகரம்*

பிள்ளை, பார்க்காத செல்லடியை எழுத வேண்டாம். பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறோம். மூன்றாவது வரியில் பிடித்துவிடுவோம்.

ஒன்றும் நடக்கவில்லையா? பிரெடரிக் கோட்டை மான்கள் ஊருக்குள் இறங்கி வந்து சோற்றுப் பார்சல் சுற்றிய தாளைத் தின்கின்றன. கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் அவற்றோடு படம் பிடிக்கிறார்கள். படம் பிடித்து முடிந்ததும் மான் என்ன செய்கிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? கச்சான் காற்று காலத்தில் மத்தியான ரியூசன் வகுப்பில் கொப்பித் தாள் பறக்காமல் எதை வைத்து அமத்துவீர்கள்? நிலாவெளிப் பக்கம் விடுதியில் வேலை செய்கிற அண்ணன்மார், மாரி தொடங்கி வெள்ளைக்காரர் போனபிறகு என்ன செய்கிறார்கள்? மூன்று கதைக்கான சாமான் இதிலேயே கிடக்கிறது.

இன்னொன்று கேட்கிறேன். உங்கள் அம்மா சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போகும்போதும் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டுதான் போகிறாரா? எங்கள் வயதில் பலர் அப்படித்தான், சண்டைக் காலத்துப் பழக்கம். நான் குப்பை கொட்டப் போகும்போதுகூட இடுப்பைத் தடவிப் பார்ப்பேன். வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. அது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? நேற்றும் நடந்ததுதானே. ஒரு துவக்கும் வெடிக்காமல் அந்த அட்டையைப் பற்றி எழுதுங்கள். பரிசு கிடைக்குமா என்று கேட்டால் தெரியாது. எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

தொகுப்புப் போட ஆசை. 11 கதைகள் இருக்கின்றன. எப்படித் தொடங்குவது?
*– வாசகர், சீனன்குடா*

11 கதைகளில் எத்தனை வெளிவந்தவை என்று நீங்கள் சொல்லவில்லை. ஒன்றும் வராவிட்டால் முதலில் நாலையாவது எங்காவது வரவிடுங்கள்.

அச்சகத்துக்குப் போவதென்றால்: புத்தகம் பெரும்பாலும் 16 பக்கக் கணக்கில் மடிபடும். 112 பக்கம், 128 பக்கம் என்று வருவது அதனால்தான். 115 பக்கத்தில் முடித்தால் வெற்றுத்தாளுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை அடிக்கும் முன் செய்யுங்கள்.

வெளியீட்டு விழா உங்கள் விருப்பம். ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை, ஆய்வுரை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு நீங்கள் எழும்பும்போது சபையில் பாதிப்பேர் கடைசி பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். முதற்பிரதி வாங்கிய வர்த்தகர் கவரைத் தந்துவிட்டுப் புத்தகத்தைக் கதிரையிலேயே விட்டுப் போவார். எனக்கு நடந்தது. அடித்தது 300, விழாவில் போனது 130. மிச்சம் கட்டிலுக்குக் கீழே. இரண்டு மாரி தாண்டி இழுத்துப் பார்த்தால், அடிப்பெட்டியைக் கறையான் கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்திருந்தது. ஆகவே 150 அடியுங்கள். ஒரு பிரதியை ‘நூலகம்’ நிறுவனத்துக்குக் கொடுங்கள். ஈழத்துப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றி வைக்கிறார்கள். கறையான் அங்கே ஏறாது.

அன்புள்ள அக்கா, இத்துடன் என் முதல் கதையை இணைத்துள்ளேன். வாசித்துக் கருத்துச் சொல்லவும்.
*– கையொப்பம் விளங்கவில்லை. தபால் முத்திரை தம்பலகாமம்*

கவரைத் தலைகீழாய் உதறிப் பார்த்தேன். ஓரத்தைப் பிரித்து வெளிச்சத்திலும் பிடித்தேன். கடிதம் மட்டும்தான் இருக்கிறது. கதையை மேசையில் வைத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் மடித்திருக்கிறீர்கள். கைமறதி என்று சொல்வீர்கள், நான் நம்பமாட்டேன். அடுத்த கவரில் கதையை மட்டும் வையுங்கள், கடிதம் வேண்டாம். நிறுத்துப் பார்த்து முத்திரை ஒட்டுங்கள். குறைந்தால் அபராதம் என் தலையில்தான். பரவாயில்லை, கட்டி எடுப்பேன்.