கெட்டில் தண்ணீருக்கு மட்டும்

கேள்வி: அப்பச்சியும் ஆத்தாவும் துபாயில் இரண்டு நாள் தங்கிவிட்டு அமெரிக்கா போகிறார்கள். காலையில் காபி, கொஞ்சம் உப்புமா இருந்தால் போதும் என்கிறார்கள். வீட்டிலுள்ள 1500 வாட் கெட்டிலைக் கொடுத்து அனுப்பலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: துபாய்க்குச் சரி, அமெரிக்காவுக்கு வீண் சுமை. துபாயில் நம் ஊர் போலவே 230 வோல்ட். பிளக்கின் பின் மட்டும்தான் வேறு. 10 ஆம்பியர் தாங்கும் அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட். வோல்ட் பாதியானால் சூடு கால்வாசிக்கு இறங்கிவிடும். உங்கள் கெட்டில் அங்கே 400 வாட்தான் கொடுக்கும். இங்கே நாலு நிமிஷத்தில் கொதிக்கும் ஒரு லிட்டருக்கு அங்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. அங்கே கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்து காரைக்குடியில் செருகினாலோ, நாலு மடங்கு சூடேறிக் கருகிவிடும்.

இரண்டு வோல்ட்டிலும் ஓடும் பயணக் கெட்டில் வாங்குங்கள், அரை லிட்டர் போதும். சிலவற்றில் அடியில் வோல்ட்டை மாற்றும் சுவிட்ச் இருக்கும். 120-இல் வைத்ததை மறந்து ஊரில் செருகினால் அதற்கும் அதே கதிதான்.

கெட்டிலில் பாலோ கஞ்சியோ காய்ச்ச வேண்டாம். ஆவி பட்டால்தான் அதன் சுவிட்ச் அணையும். பால் அதற்கு முன்பே பொங்கி மூக்கு வழியே வழிந்துவிடும், அடியும் பிடிக்கும். பால் பவுடரை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

காபிக்குச் சின்ன ஃபில்டர் ஒன்று. குவித்து 4 டீஸ்பூன் தூள், 120 மில்லி கொதிநீர். தூளை அழுத்தாதீர்கள், இறங்காது. ஏசி அறையில் டிகாஷன் இறங்குவதற்குள் ஆறிவிடும். ஃபில்டரின் அடியைச் சுடுதண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள்.

உப்புமாவுக்கு மெல்லிய ரவை 2 டம்ளர். 4 மேசைக்கரண்டி கடலெண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, ரவையைக் கொட்டி மணம் வரும்வரை இளந்தீயில் வறுங்கள். பெருங்காயம், 2 டீஸ்பூன் உப்பு சேர்த்து, நன்றாக ஆறிய பிறகே பையில் அடையுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துச் சிக்கு வாடை வரும். கறிவேப்பிலை வேண்டாம். அது எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை மரங்களைக் கெடுக்கும் பூச்சி கூடவே வரும் என்று அமெரிக்க விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

அறையில் அகன்ற வாய் ஃப்ளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிஷம் வைத்துக் கொட்டிவிடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். குளிர்ந்த எவர்சில்வர் சூட்டை உறிஞ்சி, ரவை நறநறவென்று நிற்கும். பிறகு அரை டம்ளர் கலவைக்கு ஒன்றேகால் டம்ளர் கொதிநீர். கட்டி தட்டாமல் ஒரு கிளறு கிளறி மூடினால் 10 நிமிஷத்தில் வெந்துவிடும். அலுத்துப்போனால் மெல்லிய அவலைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பருப்புப்பொடி போட்டுக்கொள்ளலாம். அறையில் தாளிக்கவே கூடாது, புகை அலாரம் அடித்துவிடும்.

கடைசியாக ஒன்று. குருமாப் பொடி கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால், அதில் கசகசா அரைத்திருக்கிறதா என்று பாருங்கள். துபாயில் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. சிங்கப்பூரிலும் அதற்குத் தடை உண்டு.