கணினி கேள்வி–பதில்: அவரை எங்கே போயிற்று?

கேள்வி: காய்கறிக் கடை ஒன்றுக்காகப் பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஆர்டர் பக்கம் எழுதி வருகிறேன். கத்தரி, வெண்டை, முருங்கை, பூசணி, அவரை என்ற ஐந்து பெயர்களை ஓர் அரேயில் (மதிப்புகளின் பட்டியலில்) வைத்திருந்தேன். இருப்புத் தீர்ந்துபோன முருங்கையை அன்செட் கட்டளை கொண்டு நீக்கிய பிறகு, பெயர்களை எண் வரிசையில் ஒவ்வொன்றாகக் காட்டும் ஃபார் லூப்பை ஓட்டினால், நடுவில் ஓர் எச்சரிக்கை வருகிறது, அவரையும் காணாமற்போகிறது. நான் நீக்கியது ஒன்றுதானே?

பதில்: எண்கள் 0-இல் தொடங்குவதால், ஐந்தாவதான அவரை 4 என்ற எண்ணில் பத்திரமாகவே இருக்கிறது; உங்கள் லூப்தான் அதுவரை செல்லாமல் நின்றுவிடுகிறது. பெயர் அரே என்றாலும், பிஎச்பியில் அது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு கீயுடன் (அடையாள எண் அல்லது பெயருடன்) சேர்த்து, சேர்த்த வரிசையிலேயே எழுதி வைக்கும் பேரேடு போன்றது. பேரேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் அடுத்த வரிகளின் எண்கள் மாறுவதில்லை. அவ்வாறே முருங்கையின் 2 நீங்கியதும் 0, 1, 3, 4 ஆகிய கீகள் எஞ்சுகின்றன. எத்தனை உள்ளன என்று எண்ணும் கவுண்ட் 4 என்று சொல்வதால் லூப் 0 முதல் 3 வரை மட்டும் ஓடி, இல்லாத 2-ஐக் கேட்டு எச்சரிக்கை வாங்கிக்கொண்டு, 4-ஐக் கேட்காமலே முடிந்துவிடுகிறது. பிஎச்பி 8-க்கு முன்பு இது எச்சரிக்கையைவிட லேசான வெறும் நோட்டீஸாக இருந்ததால், பலர் கண்ணில் படாமலே போனது.

பட்டியலைக் காட்டுவது மட்டுமே நோக்கமென்றால் ஃபார்ஈச் லூப் போதும். அது இருக்கும் கீகளை மட்டுமே தொடும். எண்களை மீண்டும் 0 முதல் அடுக்க வேண்டுமென்றால், $காய் = அரே_வேல்யூஸ்($காய்); என்று எழுதுங்கள். இடப்பக்கத்து $காய் அவசியம். அந்தச் செயற்கூறு புதிய அரேயைத் திருப்பித் தருமே தவிர, பழையதைத் தொடாது.

உண்மையான தொல்லை, இந்த அரேயை, ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும் ஜேசான்_என்கோட் மூலம் உலாவிக்கு அனுப்பும்போதுதான் வரும். கீகள் 0 முதல் விடுபடாமல் தொடர்ந்தால் மட்டுமே அது சதுர அடைப்புக்குள் பட்டியலாகப் போகும். இடையில் ஓர் எண் விடுபட்டாலும் நெளி அடைப்புக்குள் ஆப்ஜெக்டாக (பெயர்–மதிப்புத் தொகுப்பாக) மாறிவிடுவதால், அங்கே உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபார்ஈச் வேலை செய்யாது. வேண்டாதவற்றை வடிகட்டும் அரே_ஃபில்டரும் பழைய கீகளையே விட்டுவைப்பதால், அதன் பிறகும் இதே கதைதான். சந்தேகமிருந்தால், 2021-இல் பிஎச்பி 8.1-உடன் வந்த அரே_இஸ்_லிஸ்ட் கொண்டு, கீகள் 0 முதல் விடுபடாமல் உள்ளனவா என்று அனுப்பும் முன் சோதித்துக்கொள்ளலாம்.